பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?

வீட்டு வாசலில் ஹெரால்டின் பானட்டைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் கேட்பது இந்த ஒரு கேள்விதான். யாரும் "தகடு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதில்லை. "துரு எதுவரைக்கும் போயிருக்கிறது?" என்று கேட்டவர் இதுவரை ஒருவர்தான், அவரும் கிளிஞ்சல்மேட்டில் படகு வைத்திருப்பவர்.

என் பதில்: பெயின்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்கு முன்னால் ஒரு வருடம் ஆகும்.

பழைய கார் வைத்திருக்கிற நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உடம்பு வேலையை வீட்டில் வைத்துப் பாருங்கள். கடைசிப் பூச்சை வேண்டுமானால் வெளியில் கொடுங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வண்டியை அப்படியே பட்டறையில் விட்டு, "பொங்கலுக்குள் பளபளவென்று வேண்டும்" என்கிறோம். பளபளவென்றுதான் வரும். அடுத்த பொங்கலுக்குள் மட்கார்டு ஓரத்தில் கொப்புளம் எழும்பும்.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்துக்காரரான ஜொவான்னி மிகெலோட்டி. 1961 முதல் நம் மதராஸிலேயே, ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியின் வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்தார்கள். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார் ஓடிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கியது ஹெரால்டு. சின்னத் தெருவில்கூட ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

"அது எங்கே ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று?" என்று என் சம்பந்தி சிரிக்கிறார். சிரிக்கட்டும். 1962-ல் அதே கம்பெனி அதே ஹெரால்டு சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிகெலோட்டியின் கையால் ஒரு மேலுடம்பு போட்டு 'ஸ்பிட்ஃபயர்' என்று விற்றது. அது உலகம் அறிந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் பழைய ஹெரால்டின் உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தச் சேஸிஸ் மேல் வீட்டுக் கொட்டகையிலேயே ரேஸ் கார் கட்டியவர்கள் ஏராளம். நம் சோழவரம் விமானதளத்துப் பந்தயங்களிலும் ஃபியட்டோடு மல்லுக்கட்டியது ஹெரால்டுதான். நம் நாட்டுக்கு வாய்த்த ஸ்போர்ட்ஸ் கார் இது என்பது என் கட்சி. கோவாவில் செய்த சான் ஸ்டார்ம், பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபின் இரண்டும் ஃபைபர் உடம்புக்காரர்கள். துருவே பிடிக்காது. காரைக்காலில் வாழப் பிறந்தவை! ஆனால் நம் கையில் இருப்பது தகரம்.

என்னிடம் இருக்கும் வண்டி 1966 மாடல், இரண்டு கதவு. என் தாய்மாமா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1971-ல் மதராஸில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கி வந்தார். மாமா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. 2018 கஜா புயலில் ஷெட்டின் கூரை பறந்தபின் வண்டி இரண்டு மழைக்காலம் வெறும் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிரான்சில் இருக்கும் மாமா மகன் போனில், "காயலான் கடைக்குக் குடுத்துடுங்க அத்தான், கிலோ கணக்குல எடுத்துப்பாங்க" என்றான். எண்பத்து நாலு வயது அத்தை அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அப்படித்தான் வண்டி என் வாசலுக்கு வந்தது.

முதல் வேலையாக நான் செய்தது காந்தம் வைத்துப் பார்த்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும். ஒரு மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் கீழ்ப்பகுதி முழுக்க மெதுவாக நகர்த்த வேண்டும். தகடு இருக்கிற இடத்தில் பிடிக்கும். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் நழுவி விழும். எங்கள் வண்டியில் இடது கதவுக்குக் கீழே ஒன்றரை அடி நீளத்துக்குக் காந்தம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

எங்கள் தெரு டிங்கர் பாய் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டவர். அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்தினார். பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே கொசுவலைக் கம்பி. அதற்கும் உள்ளே, உருட்டித் திணித்த செய்தித்தாள், சினிமாப் பக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு பட்டறையில் மாமா நல்ல காசு கொடுத்துச் செய்த வேலை அது. அன்றைக்கு வண்டி கண்ணாடி மாதிரி வந்தது, நானே பார்த்தேன். பாய்க்குக் கோபம் வரவில்லை. "சார், பேப்பர் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். இவங்க அடைச்சது ஓட்டைய இல்ல, தண்ணிய" என்றார்.

அந்தத் தகட்டுக்கு உள்பக்கம்தான் டிரைவர் சீட்டின் போல்ட் பூட்டுகிற இடம். சீட்டைப் பிடித்து ஆட்டினால் தரையோடு சேர்ந்து ஆடியது. நெடுஞ்சாலையில் சடாரென்று பிரேக் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இந்த வண்டியில்தான் மாமா தன் எழுபத்தைந்தாம் வயது வரை திருநள்ளாறுக்கு அத்தையை அழைத்துப் போய் வந்தார்.

பட்டறைக்காரர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. அவர்கள் கணக்கு வேறு. இட வாடகை, கரண்ட் பில், ஆள் கூலி எல்லாம் போக, ஒரு வண்டி ஆறு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் கட்டுப்படி ஆகாது. துருவை வெட்டி எடுத்து, தகடு வைத்து, ஒவ்வொரு அங்குலமாகப் பற்றவைக்க எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத வேலைக்கு எப்படி விலை பேசுவது? பட்டிக்கு விலை பேசலாம். பெயின்டுக்கு விலை பேசலாம். அதனால் அவர்கள் அதை விற்கிறார்கள், நாமும் அதை வாங்குகிறோம். ஓய்வு பெற்றவனிடம் பணம் குறைவு, நாள் நிறைய. வீட்டில் வைத்துச் செய்யச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் நம் ஊர்க் காற்று.

அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறோம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்காற்று கொண்டுவந்து தகட்டின்மேல் படியவைக்கிற உப்பும் அப்படித்தான். மழையே பெய்யாத இரவிலும் நம் ஊரில் தகடு நனைந்துகொண்டிருக்கிறது. திருச்சியில் ஒரு தகட்டைச் சுரண்டிவிட்டு அடுத்த வாரம் வந்து ப்ரைமர் அடிக்கலாம். இங்கே காலையில் வெள்ளி மாதிரி தேய்த்த தகடு சாயங்காலம் பழுப்புப் பூத்து நிற்கும். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடியில் துரு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். பெயின்டைக் கீழிருந்து தூக்குவது அந்தப் பருமன்தான்.

ஆகவே எங்கள் முறை, ஒரு நாளைக்கு ஒரு துண்டு. காலை எட்டு மணிக்கு ஒரு கதவையோ மட்கார்டையோ எடுத்தால், சுரண்டி, துரு முறிக்கும் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவித் துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் உள்ளவர்கள் ஒரு முழுப் பக்கத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வருவது நம் ஊருக்கு ஆகாது. ரெட் ஆக்சைடு போதுமே என்று கேட்பார்கள். ஜன்னல் கம்பிக்குப் போதும், அதன்மேல் உடனே எனாமல் அடித்துவிடுவோம். வெறும் ரெட் ஆக்சைடோடு மாதக்கணக்கில் நிற்கப்போகும் கார் தகட்டுக்கு அது போதாது, ஈரத்தை உள்ளே விடும்.

கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். நம் தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவினால் உப்பைத் துடைத்துவிட்டு உப்பையே பூசினதாகும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டேன். கிடைக்காத நாளில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். வீட்டு அம்மாள் இதற்கு என்ன சொன்னார் என்பதை எழுதத் தேவையில்லை.

இந்த வேலைக்கு ஹெரால்டு மாதிரி தோதான வண்டி கிடையாது. அதற்கொரு கதை உண்டு. ட்ரையம்ஃபுக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் ஹெரால்டின் உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியாகச் செய்யக் கொடுத்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி அமைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தலைவலி. அறுபது வருடம் கழித்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்கு வசதி. பானட்டும் முன் மட்கார்டு இரண்டும் ஒரே துண்டாக முன்பக்கம் திறந்துகொள்ளும், இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம். ஒன்று முடிந்தபின் அடுத்தது. முதுகுவலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அழுகிய இடத்தை வெட்டித் தகடு வைப்பதைப் பாய் பார்த்துக்கொண்டார். கேஸ் வெல்டிங் வேண்டாம் என்றார். மெல்லிய தகடு சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். சிஓடூ வெல்டிங் செட் வாடகைக்கு எடுத்து, இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். மொத்தம் முப்பத்தொன்பது ஒட்டு. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடம்பைத் தாங்கும் கைகளில் இரண்டு போயிருந்தன. அவற்றைப் புதிதாகவே செய்தோம். ஒரு எச்சரிக்கை: கதவுகளை மாட்டிவைத்துக்கொண்டுதான் இந்த இடத்தை வெட்ட வேண்டும். கதவைக் கழற்றிவிட்டு வெட்டினால் உடம்பு தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது.

படகுக்குப் போடுகிற ஃபைபர் பாயையும் ரெசினையும் வைத்து ஓட்டையை அடைத்துவிடலாமே என்று நம் ஊரில் சிலர் செய்கிறார்கள். கடற்கரைக் குப்பங்களில் அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், படகுக்கு அருமையான வேலை. துருப்பிடித்த தகட்டுக்கு அது கூடாது. துருவின் மேல் ரெசின் நெடுநாள் ஒட்டாது, இடையில் ஈரம் புகுந்துகொள்ளும். செய்தித்தாளுக்குப் பதில் ஃபைபர், அவ்வளவுதான்.

துரு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துக்கொண்டே வந்தோம். அநேகமாக எல்லாம் வடிகால் துளை அடைத்த இடம். கதவுக்கு அடியிலும், கீழ்ப்பெட்டியிலும், டிக்கி ஓரத்திலும் கம்பெனியே சின்னச் சின்னத் துளை விட்டிருக்கிறது, உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற. முந்தைய பட்டறையில் அவற்றின் மேலும் பட்டி இழுத்து அழகாக மெழுகிவிட்டார்கள். வாய்க்காலைத் தூர்த்துவிட்டு வயல் அழுகிவிட்டதே என்றால்? டெல்டாக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாத் துளையையும் திறந்து, உள்ளே மெழுகு கலந்த எண்ணெய் பீய்ச்சினோம். வெளியே தெரியாத வேலை, ஆனால் என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

இனி பூச்சு. இதில் நான் கண்டிப்பானவன். இப்போது எல்லோரும் அடிக்கும் பி.யூ. பெயின்டில் ஹார்டனர் என்று ஒன்றைக் கலக்கிறார்கள். அதில் இருப்பது ஐசோசயனேட். தெளிக்கும்போது அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமாவே வந்துவிடலாம், ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். மூக்கில் கைக்குட்டை கட்டுவதும் மெடிக்கல் ஷாப் மாஸ்க்கும் இதற்கு எந்தப் பயனும் இல்லை. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாமல் வீட்டு வாசலில், பேரக் குழந்தைகள் விளையாடும் இடத்தில், அடுத்த வீட்டுக் கிணற்றடியில் இதை அடிப்பது தவறு என்பேன். பி.யூ.தான் வேண்டும் என்றால் பூத் வைத்திருக்கும் இடத்தில் கொடுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் கவனம், அறுபதுகளின் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். தூசி பறக்க உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வழித்த சேற்றைச் சாக்கடையில் விடாமல் ஒரு டப்பாவில் சேருங்கள்.

நாங்கள் வீட்டில் அடிப்பது பழைய என்.சி. லேக்கர்தான், நாம் டூகோ என்று சொல்லிப் பழகியது. அதிலும் தின்னர் நெடி உண்டு, அதற்கேற்ற கார்பன் முகமூடி போட்டுக்கொள்கிறோம், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. ஆனால் ஐசோசயனேட் இல்லை. மெல்லிய பூச்சு பலவாகப் போட்டுத் தேய்த்து ஏற்றலாம். கோடு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பி.யூ. அளவுக்கு உழைக்காது, உண்மைதான். அதன் எதிரி ஈரம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் மேலே படிந்து, பெயின்ட் பால் மாதிரி வெளுத்துப்போகும். ஐப்பசி கார்த்திகையில் கம்ப்ரஸரைத் தொடவே வேண்டாம். மார்கழியில் பனி. ஆடிக் காற்றில் ஊர்ப் புழுதியெல்லாம் பூச்சில் ஒட்டும். எங்களுக்கு மிஞ்சுவது மாசி, பங்குனி. அதிலும் காலை ஒன்பதரைக்குமேல், பனி காய்ந்த பின். நண்பகலுக்குமேல் கடல் காற்று திரும்பிவிடும், உப்போடு. இடையில் கிடைக்கும் இரண்டரை மணி நேரம்தான் எங்கள் பூத்.

நிறத்தில்தான் சண்டை. காயலான் கடை பேசிய அதே மாமா மகன் இப்போது போட்டோ பார்த்துவிட்டு, "சிவப்பு அடிங்க அத்தான், ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும்" என்கிறான். செலவில் பாதி அவன் தருகிறான், பேச உரிமை உண்டு. ஆனால் பின்சீட்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில், கம்பெனி அடித்த நிறம் அப்படியே இருக்கிறது. வெளிர் சாம்பல், கொஞ்சம் நீலம் ஓடும். ஆர்.சி. புத்தகத்திலும் அதே. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும் என்பது சின்ன விஷயம். உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா ஒப்புக்கொண்ட டூரின் சாசனம் (மிகெலோட்டியின் அதே டூரின்) பழைய வண்டியில் மிஞ்சியிருப்பதை முதலில் காப்பாற்று, புதிதாக மாற்றுவது பிறகு என்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததைவிட அதிகமாகப் பளபளக்கும் கார்களைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது, அறுபதாம் கல்யாணத்தில் தலைக்கு மை பூசி நிற்கும் மாப்பிள்ளை நினைவுதான் வருகிறது. பின்சீட்டுக்கு அடியில் உள்ள தகட்டை நாங்கள் தொடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் நிறம் கலக்கியிருக்கிறோம். அவனுக்குச் சொல்லிவிட்டேன், சாம்பல்தான். முடிவு அத்தையுடையது. வண்டி அவர் பேரில் இருக்கிறது.

இன்னொரு பேச்சும் உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று பதிந்து, 'விஏ' எழுத்து உள்ள நம்பர் வாங்கலாம். பத்து வருடம் செல்லும். செய்யலாமே என்கிறார்கள். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதும் மலிவில்லை, 2022 ஏப்ரலில் 600 ரூபாய் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் பிறகு இன்னும் ஏறியது. இருந்தும் எங்கள் முடிவு சாதாரணப் பதிவுதான். அத்தைக்கு சனிக்கிழமை திருநள்ளாறு போக வேண்டும், கண்காட்சிக்கு அல்ல.

பானட்டும் இடது கதவும் முடிந்துவிட்டன. வலது கதவு ப்ரைமரில் நிற்கிறது. மாசி பிறந்ததும் கம்ப்ரஸர் போடுவோம். இரண்டு கதவு ஹெரால்டின் பின்பக்கக் கண்ணாடிக்கு வைக்கும் ரப்பர் பீடிங் கிடைக்கவில்லை, சென்னை புதுப்பேட்டையிலும் தேடியாயிற்று. உங்கள் பரணில் எங்காவது கிடந்தால் சொல்லி அனுப்புங்கள், கொஞ்சம் இறுகிப்போயிருந்தாலும் பரவாயில்லை, பாய் வெந்நீரில் போட்டு வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்.